அப்பாவின் மோட்டாரும் அக்கரைச் சட்டமும்



பக்கத்து ஊருக்குப் பெண் கொடுப்பதென்றாலே ஆயிரம் கேள்வி கேட்பார்கள். பக்கத்து நாட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிளைக் கொண்டுபோய்க் குடியமர்த்த நினைத்தால் எத்தனை கேள்வி வரும் என்று உங்களில் யாராவது அனுபவித்ததுண்டா? நான் அனுபவித்தேன். அந்த அனுபவத்தில் கொஞ்சம் சட்டமும் கற்றேன். அதைவிடக் கூடுதலாக என் தம்பியைப் பற்றியும் என்னைப் பற்றியும் கற்றேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

நான் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு வேலைக்கு வந்து இருபது ஆண்டுக்கு மேலாகிறது. வாய்ப்பாடும் வாக்கியமும் சொல்லிக் கொடுப்பவளுக்கு வாகனச் சட்டத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எல்லாம் அப்பாவின் மோட்டாரால் வந்த வினை.

அப்பா பால்மரம் வெட்டியவர். 2009-இல் அவருக்கு 55 வயது நிறைந்தபோது சேமநிதிப் பணம் கைக்கு வந்தது. அதில் பாதி, தோட்டத்தை ஒட்டிய மலிவு வீட்டுக்குப் போனது. மீதியில் அவர் தமக்கென்று வாங்கிய ஒரே பொருள் ஒரு ஹோண்டா இ.எக்ஸ்.5. கப்சாய் என்று நாம் சொல்வோமே, அந்த ரகம்தான். வாழ்நாள் முழுக்க மிதிவண்டியில் வெட்டுக்காட்டுக்குப் போனவர், தம் பெயரில் கிராண்ட் எழுதிய மோட்டாரைப் பெற்ற நாளில் அதைத் துடைத்த துடைப்பை இன்னும் நான் மறக்கவில்லை. பெற்ற பிள்ளையைக்கூட அப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டார்.

2012-இல் தம்பிக்குச் சிங்கப்பூரில் மின்தூக்கி பழுதுபார்க்கும் வேலை கிடைத்தது. ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, நாள்தோறும் பாலத்தைத் தாண்டிப் போய்வர வேண்டும். அப்பா ஒரு வார்த்தை பேசாமல் சாவியை அவனிடம் நீட்டினார். "நீ ஓட்டு. எனக்கு மிதிவண்டி போதும்" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பாலத்தை நீங்கள் விடியற்காலையில் பார்த்திருக்கிறீர்களா? 1924-இல் திறக்கப்பட்ட ஒரு கிலோமீட்டர் நீளப் பாலம். விடிவதற்குள் ஆயிரக்கணக்கான மோட்டார்கள் அதன்மேல் எறும்புச் சாரையாக ஊரும். மழை வந்தால் நனையத்தான் வேண்டும். வெளிநாட்டு மோட்டாருக்குச் சிங்கப்பூரில் நாளொன்றுக்கு 4 வெள்ளி நுழைவுக் கட்டணம். ஆண்டுக்குப் பத்து நாள் மட்டும் இலவசம். எட்டு ஆண்டுகள் அந்தச் சாரையில் அப்பாவின் மோட்டாரும் ஓர் எறும்பாக ஊர்ந்தது.

பிறகு வந்தது 2020. மார்ச் 18-ஆம் தேதி முதல் நடமாட்டக் கட்டுப்பாடு என்று நம் அரசாங்கம் அறிவித்தது. தம்பி அப்போது விடுப்பில் வீட்டில் இருந்தான். "உடனே வந்துவிடு, தங்க இடம் தருகிறோம்" என்று முதலாளி தொலைபேசியில் அழைத்தார். பாலத்தில் நெரிசல் என்று கேள்விப்பட்டு, மோட்டாரை வீட்டில் விட்டுவிட்டு ஒரு நண்பனின் வேனில் ஏறினான். "ரெண்டே வாரம்தான்பா, வந்துடறேன்" என்று சொல்லிப் போனவன், இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் வந்தான். அவன் வந்தபோது அப்பா இல்லை.

2021 ஜூலையில் அப்பா காலமானார். நெடுநாள் நீரிழிவு, கடைசியில் சிறுநீரகம். அனுமதிக் கடிதம், பரிசோதனை, தனிமைப்படுத்தல் எல்லாம் முடித்து அவன் வந்து சேர்வதற்குள் பதினாறாம் நாள் காரியமே முடிந்திருக்கும். கொள்ளி வைத்தவர் சித்தப்பா மகன். தம்பி சிங்கப்பூரில் ஓர் அறையில் உட்கார்ந்து கைத்தொலைபேசித் திரையில் எல்லாவற்றையும் பார்த்தான். பாதியில் தொடர்பு அறுந்துபோனது.

அதே ஆண்டின் இறுதியில் அவனுக்குச் சிங்கப்பூர் நிரந்தரவாசத் தகுதி கிடைத்தது. 2022 ஏப்ரல் முதல் தேதி தரைவழி எல்லை திறந்தது. இரண்டாம் நாளே வீட்டுக்கு வந்தான். அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்றான். பின்கட்டுக்குப் போனான். மோட்டாரை மூடியிருந்த சாக்கை விலக்கி, அதன் இருக்கைமேல் கை வைத்தபடி நெடுநேரம் நின்றான். சாப்பிட அழைத்தபோது சொன்னான்: "அக்கா, அப்பா மோட்டாரை நான் சிங்கப்பூருக்கே கொண்டுபோய்ப் பதிஞ்சுக்கப்போறேன். அங்கேயே வச்சுக்கறேன்."

வாசகர்களே, அப்போது நான் சொன்ன சொல்லை இங்கே எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மறைக்கக் கூடாது. "அப்பாவைத் தூக்க வர முடியல, மோட்டாரைத் தூக்க மட்டும் வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டேன். இரண்டு ஆண்டுகள் அப்பாவை மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக ஏற்றி இறக்கிய களைப்பு அப்படிப் பேச வைத்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. சோற்றில் கை வைத்தவன் எழுந்து கை கழுவிவிட்டான். பேருந்தில் ஏறித் திரும்பிப் போனான்.

நிரந்தரவாசியானவன் வெளிநாட்டுப் பதிவு எண் கொண்ட வண்டியைச் சிங்கப்பூரில் வைத்திருக்கவோ ஓட்டவோ கூடாது என்பது அங்குள்ள சட்டம். ஜொகூரில் குடியிருந்து வேலைக்குப் போய்வந்த காலத்தில் ஓட்டிய அதே வண்டியை, தகுதி உயர்ந்த பிறகு ஓட்டினால் குற்றம். ஆகவே 'ஜே' என்று தொடங்கும் ஜொகூர் எண்ணைக் கழற்றிவிட்டு, அங்கே மோட்டார்களுக்குரிய 'எஃப்' வரிசை எண்ணை வாங்கினால்தான் அப்பாவின் மோட்டார் அந்த மண்ணில் உருள முடியும். அவன் அதற்குத்தான் அலைந்தான். அலைந்தவனுக்கு வழிகாட்ட ஒருவர் கிடைத்தார். பெயர் வேண்டாம். "பழைய வண்டிக்கும் வழி இருக்கு, முந்நூறு வெள்ளி கொடு" என்றார். கொடுத்தான். பணம் வாங்கியவரின் தொலைபேசி அதற்குப்பின் ஒலிக்கவே இல்லை. இதையெல்லாம் எனக்குச் சொன்னவள் தம்பி மனைவி.

ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் நானே புறப்பட்டேன். லார்கின் நிலையத்தில் 170-ஆம் எண் பேருந்து ஏறி, இரண்டு பக்கமும் இறங்கி ஏறிக் கடப்பிதழைக் காட்டி, குவீன் ஸ்திரீட் நிலையத்தில் இறங்கினேன். தம்பி காத்திருந்தான். முகத்தைப் பார்க்காமல் பையை வாங்கிக்கொண்டான். நடந்தே லிட்டில் இந்தியாவுக்குப் போனோம்.

சிராங்கூன் ரோட்டில் கால் வைத்தாலே அப்பா ஞாபகம்தான். சிறுபிள்ளையாக இருந்தபோது தாத்தாவின் தோளில் உட்கார்ந்து, பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் தைப்பூசக் காவடிகளைப் பார்த்த கதையை ஆண்டுதோறும் சொல்வார். அப்போது இரண்டும் ஒரே தேசம். 1965-இல் பிரிந்தோம்; 1967-இல் பாலத்தில் குடிநுழைவுச் சோதனை வந்தது. "நாங்க சட்டைப் பையில சில்லறையோட போன ஊருக்கு, இப்ப பாஸ்போர்ட்டோட போறீங்க" என்று சிரிப்பார்.

தேக்கா சந்தையில் தே தாரிக்கும் புட்டு மாயமும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தோம். அங்கிருந்து சற்று நடந்தால் ஹாம்ப்ஷையர் ரோடு. சிங்கப்பூரின் நிலப் போக்குவரத்து ஆணையம் அங்கேதான் இருக்கிறது. பழைய கண்டாங் கெர்பாவ் பிரசவ மருத்துவமனையின் இடம் அது. 1966-இல் மட்டும் ஏறக்குறைய 40,000 குழந்தைகள் அங்கே பிறந்து, உலகச் சாதனை என்று பேசப்பட்டதாம். 'கண்டாங் கெர்பாவ்' என்றால் மலாயில் எருமைக் கொட்டில். பக்கத்திலேயே பஃபலோ ரோடு என்று ஒரு தெருவும் இருக்கிறது. எருமை கட்டிய இடத்தில் பிள்ளைகள் பிறந்தன. பிள்ளைகள் பிறந்த இடத்தில் இப்போது வாகனங்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் ஆள்கிறார்கள். காலம் செய்கிற கோலம் என்று இதைத்தான் சொல்வார்கள் போலும்.

தம்பி ஒரு கோப்பை எடுத்து வைத்தான். அப்பாவின் கிராண்ட், மரணச் சான்றிதழின் நகல், சாலை வரிச் சீட்டு, காப்புறுதி. எல்லாம் அடுக்கடுக்காக. "நீயே படிச்சுச் சொல்லு அக்கா. நீ சொன்னா நம்பறேன்" என்றான். அவன் கைத்தொலைபேசியில் ஆணையத்தின் விதிகளைத் திறந்து கொடுக்க, நான் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தின் பின்னட்டையில் குறித்துக்கொண்டே வந்தேன். உங்களில் யாருக்காவது பயன்படட்டும் என்று அதை இங்கே தருகிறேன்.

முதலாவது, வண்டியின் வயது. வெளிநாட்டில் ஓடிய வண்டியைக் கொண்டுவந்து சாதாரணமாகப் பதிய வேண்டுமானால், முதல் பதிவு நாளிலிருந்து மூன்று ஆண்டு ஆகியிருக்கக் கூடாது. 35 ஆண்டு கடந்த அரும்பழ வண்டிகளுக்கு ஒரு தனித் திட்டம் உண்டு. அவற்றையும் ஆண்டில் சில நாள்தான் ஓட்டலாம். அப்பாவின் மோட்டாருக்கு வயது 13. குழந்தையும் இல்லை, கிழவனும் இல்லை. இரண்டு வாசலும் அடைப்பு.

இரண்டாவது, புகை. புதிதாகப் பதியும் மோட்டார் யூரோ 4 என்ற தரத்துக்கு உட்பட வேண்டும். பழைய கார்புரேட்டர் வண்டி அந்தப் பரீட்சையில் தேறாது.

மூன்றாவது, பணம். இதுதான் கணக்குப் பாடம். வண்டி மூன்று ஆண்டுக்குள் இருந்தாலும் என்ன ஆகும் பார்ப்போம் என்று போட்டுப் பார்த்தேன். சுங்கம் ஒரு வண்டியின் விலையை 3,000 வெள்ளி என்று மதிப்பிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாருக்குக் கலால் வரி நூற்றுக்கு 12. அது 360 வெள்ளி. இரண்டையும் சேர்த்த 3,360-க்குப் பொருள் சேவை வரி; அன்று நூற்றுக்கு 7, ஆக 235 வெள்ளி 20 காசு. (2024 முதல் அது நூற்றுக்கு 9.) பிறகு கூடுதல் பதிவுக் கட்டணம். முதல் 5,000 வெள்ளி மதிப்புக்கு நூற்றுக்கு 15. அது 450 வெள்ளி. அடுத்த 5,000-க்கு நூற்றுக்கு 50. அதற்கும் மேலே போனால் நூற்றுக்கு நூறு. நம் வண்டிக்கு மொத்தம் 4,045 வெள்ளி 20 காசு. அடிப்படைப் பதிவுக் கட்டணம், காப்புறுதி, சாலை வரி தனி.

"பரவாயில்லையே" என்றேன். தம்பி முதல் முறையாகச் சிரித்தான். "அக்கா, இன்னும் சி.ஓ.இ.யைச் சேர்க்கலையே" என்றான்.

சி.ஓ.இ. என்பது வாகன உரிமைச் சான்றிதழ். 1990 மே மாதம் தொடங்கிய ஏற்பாடு. தீவு சிறியது, நிலத்தில் நூற்றுக்கு 12 பங்கு ஏற்கெனவே சாலைகளுக்கே போய்விட்டது. ஆகவே இத்தனை வண்டிதான் என்று எண்ணிக்கையை வரையறுத்து, அந்த உரிமையை மாதம் இரண்டு முறை ஏலம் விடுகிறார்கள். 2018 முதல் கார்களுக்கும் மோட்டார்களுக்கும் வளர்ச்சி விகிதம் சுழியம். ஒரு பழைய வண்டி போனால்தான் ஒரு புது வண்டி வரலாம் என்கிற கணக்கு. சான்றிதழின் ஆயுள் பத்து ஆண்டு. அதற்குமேல் வேண்டுமானால் மறுபடியும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். ஒரு காலத்தில் சில நூறு வெள்ளிக்குக் கிடைத்த மோட்டார்ச் சான்றிதழ், 2022-இல் 10,000 வெள்ளியைத் தாண்டிவிட்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் முன்னோர் சொன்னது இதற்குத்தான் எவ்வளவு பொருத்தம்!

நான் கோபப்படவில்லை, வாசகர்களே. நம் வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர்தான் படுக்கலாம் என்றால் பதினோராவது ஆளைத் திண்ணைக்கு அனுப்பத்தானே வேண்டும்? சிறிய இடத்தில் வாழ்கிறவர்களின் கணக்கு அது. ஆனால், கடைசியில் ஓர் எளியவன் சோறு கொண்டுபோய்க் கொடுத்துப் பிழைக்கும் மோட்டாரும் அதே ஏலத்தில் போட்டி போட வேண்டியிருக்கிறதே என்று மனத்துக்குள் நினைக்காமலும் இருக்க முடியவில்லை.

புத்தகத்தை மூடினேன். "தம்பி, இது நடக்காதுடா" என்றேன்.

"தெரியும் அக்கா" என்றான். "ஒரு மாசத்துக்கு முன்னாலேயே தெரியும். ஆனா வேற யாரும் சொல்லி விட்டுடக் கூடாதுன்னு இருந்தது. அங்கே என்கிட்ட அப்பாவோடதுன்னு வேற எதுவுமே இல்ல."

தேக்கா சந்தையில் அத்தனை இரைச்சல். கறிக்கடையில் கத்தி விழுகிறது. தட்டு கழுவுகிற சத்தம். அதற்கு நடுவே நான் அவனிடம் ஓராண்டாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

எல்லை மூடியிருந்த அந்தப் பதினைந்து மாதமும் அப்பா தினம் காலையில் பின்கட்டுக்குப் போவார். கால் வீங்கி, செருப்பு நுழையாத நாட்களிலும் போவார். மோட்டாரை உதைத்துக் கிளப்பி, ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவார். உதைக்க முடியாமல் போன பிறகு என்னைக் கூப்பிட்டு உதைக்கச் சொல்வார். "எதுக்குப்பா இந்தத் தொல்லை, பெட்ரோலுக்குக் கேடு" என்று நான் ஒருநாள் சலித்துக்கொண்டேன். "அவன் வந்து ஏறுறப்போ ஸ்டார்ட்டு ஆகாம நின்னா என்னையத்தானே கேப்பான்?" என்றார். மருத்துவமனைக்குக் கடைசியாகப் போன அன்று காலையிலும் அந்தச் சத்தம் கேட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

இதை நான் ஏன் முன்பே அவனிடம் சொல்லவில்லை? சொன்னால் அப்பாவின் கடைசி நாட்கள் அவனுக்கும் பங்காகிவிடும் என்று எனக்குள் ஒரு கஞ்சத்தனம் இருந்திருக்கிறது. பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் நான் என்ற இறுமாப்பு. தூரத்தில் இருந்தவனுக்கும் துக்கம் உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். தே தாரிக் ஆறிப்போனது. "அன்னிக்கு நான் பேசினது தப்புடா" என்றேன். "விடுக்கா" என்றான். அந்த ஒரு சொல்லில் இரண்டு மாதப் பாரம் இறங்கியது.

பிறகு காரியம் மளமளவென்று நடந்தது. புது வண்டி வாங்க நம்மால் ஆகாது. ஏற்கெனவே அங்கே பதிவாகி, சான்றிதழில் நான்கு ஆண்டு மிச்சமிருந்த ஒரு பழைய மோட்டாரைத் தம்பி பார்த்து வைத்தான். விற்றவரும் வாங்கியவரும் கைத்தொலைபேசியிலேயே அடையாளத்தை உறுதி செய்ய, பெயர் மாற்றம் தே தாரிக் ஆறுகிற நேரத்தில் முடிந்தது. வீரமாகாளியம்மன் கோயில் வாசலில் மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பூசாரி பெயர் கேட்டார். தம்பி தன் பெயரைச் சொல்லவில்லை. அப்பாவின் பெயரைச் சொன்னான்.

அப்பாவின் மோட்டாருக்கு வருவோம். இறந்தவர் பெயரில் இருக்கும் வண்டியை அப்படியே ஓட்டிக்கொண்டிருப்பது நம்மவர்களிடம் பரவலாக உள்ள பழக்கம். அது தவறு. விபத்து என்று வந்தால் காப்புறுதிக்குச் சிக்கல். வாரிசுகள் எல்லாரும் ஒப்புக்கொண்டு, உரிய உத்தரவைப் பெற்று, சாலைப் போக்குவரத்து இலாகாவில் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்கும் தாள்கள் போதாமல் மூன்று முறை அலைச்சல் ஆயிற்று. ஒவ்வொரு முறையும் தம்பி தன் சம்மதக் கையெழுத்தைப் போட அங்கிருந்து வந்தான். இப்போது கிராண்டில் என் பெயர் இருக்கிறது.

ஆகவே அன்பர்களே, எல்லை தாண்டிக் குடியேறப் போகும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. சட்டை துணிமணியோடு மோட்டாரையும் மூட்டை கட்டலாம் என்று எண்ணாதீர்கள். வண்டியின் வயதை முதலில் பாருங்கள். ஓட்டுநர் உரிமத்தை மாற்றுவதற்கும் தவணை உண்டு. அதைக் கடக்க விடாதீர்கள். வழி இருக்கிறது என்று கை நீட்டுபவரிடம் பணம் கொடுக்காதீர்கள். விதி எல்லாம் எழுத்தில் இருக்கிறது. தெரியாவிட்டால் படித்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் படித்தவர் வீட்டிலேயே இருந்து, அவரோடு பேச்சு நின்றுபோயிருந்தால், முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

நான் இப்போது அந்த மோட்டாரில்தான் பள்ளிக்குப் போகிறேன். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் ஏறும்போது, "டீச்சர் வந்துட்டாங்க" என்று பிள்ளைகள் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறார்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தம்பி பேருந்தில் வருவான். சிங்கப்பூர் மண்ணில்தானே தடை; நம் மண்ணில் இல்லையே! சாவியை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு, அப்பா பால் வெட்டிய நிரைகளின் பக்கமாக ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவான்.

இதுவரை ஒரு நாளாவது அது ஸ்டார்ட்டு ஆகாமல் நின்றதில்லை. நான்தான் தினமும் காலையில் உதைத்துவிடுகிறேனே!